பழத்தோலும் பற்கிருமியும்

பெங்களூர்க் கோட்டைப் பகுதியில், கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டின் பழக்கடைகளுக்கும், 1958 ஆம் ஆண்டில் தோன்றிய அரசினர் பல் மருத்துவக் கல்லூரிக்கும் இடையே உள்ள தொலைவு சிறு நடைத் தொலைவேயாகும். ஆனால் அந்த மார்க்கெட்டில் மாதுளம்பழத்தை உரித்து முத்துக்களைக் கூறு கட்டி விற்கும் வியாபாரி குப்பையில் எறிகிற தோலுக்கும், அந்தக் கல்லூரியின் நாற்காலியில் வாயைத் திறந்தவாறு சாய்ந்திருக்கும் நோயாளியின் பல்லைக் குடைந்துவிட்ட கிருமிக்கும் இடையே உள்ள ரசாயன சம்பந்தத்தை அறிந்து தெளிய விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் பிடித்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி இன்னமும் முடிந்தபாடில்லை.

நகரத்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, 1996 இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. மேற்பட்டப் படிப்பின் மூன்றாண்டுகளுக்குள் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாக வேண்டும் என்பது விதி. அதற்குப் பொருள் தேடும்பொழுது, நம் நாட்டுக் காய்கனிகளின் சாரத்தைக் கொண்டு வாய்க்கிருமிகளை அடக்க முடியுமா என்னும் கேள்வி தென்னாட்டு மாணவர் பலருடைய சிந்தையைக் கவர்ந்து வருகிறது. ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கிய பரம்பரையில் வந்தவர்களுக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும், முன்னோர் கூறியது மெய்யென்று நிலைநாட்டிவிட வேண்டும் என்ற ஆவல் ஆராய்ச்சிக்கு முன்னே ஓடத் தொடங்கினால், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கண்ட சிறு நன்மையை வாய்க்குள் கிடைத்த பெருநன்மையாக எண்ணிவிடும் அபாயம் இருக்கிறது. அந்தத் தட்டுக்கும் வாய்க்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்தாலொழிய இவ்விஷயத்தின் உண்மை விளங்காது.

முதலில் கிருமியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்துவந்த லீவன்ஹூக் என்பார், தம் பற்களின் இடுக்கிலிருந்து சுரண்டிய வெண்ணிற மாவு போன்ற பொருளைத் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே நோக்கி, அதில் சின்னஞ்சிறு ஜீவன்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியந்து, 1683 ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் கண்டது அவை உண்டு என்பதை மட்டுமே. அவை செய்யும் கேடு இன்னதென்று விளக்கியவர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர். மாவுப் பண்டங்களும் சர்க்கரையும் வாய்க்கிருமிகளால் புளித்து அமிலமாகின்றன என்றும், அவ்வமிலமே பல்லின் சுண்ணச் சத்தைக் கரைத்துச் சொத்தையை உண்டாக்குகிறது என்றும் அவர் 1890 இல் வெளியிட்ட நூலில் கூறினார். குற்றவாளி எந்தக் கிருமி என்ற கேள்விக்கு விடை வர மேலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின; 1924 இல் கிளார்க் என்ற ஆங்கில விஞ்ஞானி, சொத்தைப் பற்களிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று பெங்களூரிலாயினும் வேறெங்காயினும் ஒரு பழச்சாரத்தைப் பல்லுக்காகச் சோதிப்பவர் பெரும்பாலும் முதலில் கையிலெடுப்பது இந்தக் கிருமியையே.

இதன் சாமர்த்தியம் அமிலத்தைச் சுரப்பதோடு நிற்கவில்லை. நாம் உண்ணும் சர்க்கரையின் ஒரு பகுதியைத் தன் நொதியங்களால் குளூக்கான் என்னும் பிசினாக மாற்றி, அப்பிசினைக் கொண்டு பல்லின் எனாமலில் தன்னை ஒட்டவைத்துக்கொள்கிறது. தன்னோடு மற்றக் கிருமிகளையும் சேர்த்து ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கிறது. இவ்வாறு அடுக்கடுக்காகப் படிந்த பற்படலத்துக்குள் இனிப்பு சென்ற சில நிமிஷங்களில் அமிலம் பெருகி, 5.5 என்ற பிஎச் அளவுக்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தை அடக்கிக் கரைந்த தாதுப்பொருளை ஓரளவு மீட்டுத் தருகிறது. அடிக்கடி இனிப்புத் தின்பவர் வாயில் மீட்சிக்கு அவகாசமே கிடைப்பதில்லை. பாசி பிடித்த குளத்துப் படித்துறையில் எத்தனை குடம் நீரை ஊற்றினாலும் வழுக்கல் போவதில்லை, தேய்த்துக் கழுவினாலே போகும். பற்படலத்தின் தன்மையும் அதுவே. நீரில் தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அதே மருந்து, படலத்துக்குள் பிசினால் போர்த்திக்கொண்டு வாழும் அதே இனத்தைக் கொல்லப் பல மடங்கு செறிவாக வேண்டியிருக்கிறது.

இனிப் பழங்களுக்கு வருவோம். பழம் என்றவுடன் நாவில் ஊறுவது இனிப்பு. ஆனால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி இனிப்பான சதையில் இருப்பதைவிட, நாம் வேண்டாமென ஒதுக்கும் துவர்ப்பான தோலிலும் கொட்டையிலும் பிஞ்சிலும் மிகுதியாக இருக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. விதை முற்றும் வரை பூஞ்சையும் பூச்சியும் மிருகமும் கனியைச் சிதைத்துவிடாமல் காக்க, மரம் தன் காயின் புறத்தே டானின் என்னும் துவர்ப்புப் பொருள்களைக் குவித்து வைக்கிறது. விதை முற்றியபின் அத்துவர்ப்பைக் குறைத்துச் சதையில் இனிப்பை ஏற்றி உண்ண வரும் பறவைகளையும் விலங்குகளையும் அழைக்கிறது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அர்க்கா மிருதுளா, அர்க்கா கிரண் முதலிய உயர்ந்த கொய்யா ரகங்களை உண்டாக்கித் தந்திருக்கிறது. உண்பவருக்கு அவை பெருநன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் உழவரும் ஆராய்ச்சியாளரும் தலைமுறை தலைமுறையாக இனிப்பையும் மிருதுவையும் விதைச் சுருக்கத்தையும் நாடித் தெரிந்தெடுக்கும்போது, மரம் தன் பாதுகாப்புக்கு வைத்திருந்த துவர்ப்பு சதையிலிருந்து பின்வாங்கிவிடுகிறது. ஆகையால் பற்கிருமிக்கு மருந்து தேடுபவர், கடையில் விலை மிகுந்த பழத்தின் சதையை விட்டு, விலையே இல்லாத தோலிடம் போக வேண்டியவராகிறார்.

மாதுளையை எடுத்துக்கொள்வோம். சித்திரதுர்கா, கொப்பள், பாகல்கோட்டை மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் விளைந்து பெங்களூருக்கு வரும் இப்பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோலும் உட்சவ்வும் ஆகும். அத்தோலில் பியூனிகலாஜின் என்னும் டானின் செறிந்திருக்கிறது. மைசூரில் செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் மாதுளைத் தோலின் சாரங்களை வெவ்வேறு கரைப்பான்களால் எடுத்துப் பாக்டீரியாக்களின் மேல் சோதித்த ஆராய்ச்சியை 2003 இல் வெளியிட்டனர். அவர்கள் நோக்கம் உணவைக் கெடுக்கும் கிருமிகளேயன்றிப் பற்கிருமிகள் அல்ல. எனினும் அந்த ஆராய்ச்சியிலிருந்து நமக்கு ஓர் உண்மை கிடைக்கிறது: ஒரே தோல், அசிட்டோனில் ஊறியபோது ஒரு பலமும் தண்ணீரில் ஊறியபோது வேறொரு பலமும் காட்டுகிறது. ஆதலால் மாதுளைத் தோல் கிருமியைக் கொல்லும் என்று மொட்டையாகச் சொல்வது அரை உண்மை. எந்தக் கரைப்பானில், எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் எடுத்த சாரம் என்பதையும் உடன் சொன்னாலே அது விஞ்ஞான வாக்கியமாகும்.

மாதுளையைக் காட்டிலும் எனக்கு மதிப்பு மிகுதியாகத் தோன்றுவது கடுக்காய். அவென்யூ ரோட்டை அடுத்த பேட்டைத் தெருக்களின் நாட்டு மருந்துக் கடைகளில், கன்னடத்தார் அளலெக்காய் என்று கேட்டு வாங்கும் இந்தச் சுருங்கிய காயை, அதன் உடன்பிறப்புப் போன்ற தான்றிக்காயோடும் நெல்லிக்காயோடும் சேர்த்து இடித்ததே திரிபலை. மூன்றும் வெப்ப நாட்டு மரங்களின் கனிகள். மூன்றும் டானின் பொதிந்தவை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுவோர் கடுக்காயை அறிவர். பச்சைத் தோலின் புரதத்தோடு கடுக்காயின் டானின் இறுகப் பிணைந்து, அழுகிப் போக வேண்டியதை அழுகாத பதனிட்ட தோலாக மாற்றுகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள புரதங்களையும் அது சுரக்கும் நொதியங்களையும் டானின் இவ்வாறே பற்றிப் பிணித்து முடக்குகிறது. அன்றியும் கிருமி வளர்வதற்கு இன்றியமையாத இரும்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தினரே, கொய்யா இலையிலிருந்து குவாயாவெரின் என்னும் பொருளைப் பிரித்து, அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸின் வளர்ச்சியைத் தடுப்பதை 2006 இல் அறிவித்தனர்.

குற்றாலத்திலும், நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு அரசுத் தோட்டங்களிலும் விளையும் மங்குஸ்தானின் தடித்த தோலில் உள்ள ஆல்ஃபா மங்கோஸ்டின் வேறொரு வகையைச் சேர்ந்தது. அது டானின் அன்று. பாக்டீரியாவின் உறையைச் சிதைத்து, அது அமிலத்தைச் சகித்துக்கொள்ள உதவும் நொதியத்தின் வேலையையும் கெடுக்கிறது. தாய்லாந்தில் மங்குஸ்தான் சேர்ந்த பற்பசைகள் கடைகளில் விற்பனையாகின்றன.

இவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் முறை பார்வைக்கு மிக எளியது. தோலையோ காயையோ நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ சாராய சத்திலோ ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சும் பிசுக்கைக் குறிப்பிட்ட அளவில் கரைத்து வைத்துக்கொள்கிறார்கள். வட்டக் கண்ணாடித் தட்டில் அகார் பரப்பி, அதன்மேல் கிருமியைச் சீராகப் பூசி, சிறு குழிகள் இட்டு, ஒரு குழியில் பழச்சாரமும், ஒரு குழியில் குளோர்ஹெக்சிடின் மருந்தும், ஒரு குழியில் வெறும் கரைப்பானும் ஊற்றி, உடற்சூட்டில் ஒருநாள் வைக்கிறார்கள். மறுநாள் தட்டெங்கும் கிருமி படர்ந்திருக்க, குழியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தோன்றினால் அங்கே கிருமி வளரவில்லை என்று பொருள். அவ்வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

இந்த வளையம் எளிதில் ஏமாற்றக்கூடியது. இதைக் கூறாமல் விட்டால் கட்டுரையின் கடமை நிறைவேறாது. பியூனிகலாஜினின் மூலக்கூறு எடை 1084. அவ்வளவு பெரிய மூலக்கூறு அகாரினூடே ஊர்ந்து செல்வது கடினம். ஆகையால் பலமுள்ள டானின் சிறு வளையத்தையும், பலம் குன்றிய ஆனால் சிறிய மூலக்கூறு பெரிய வளையத்தையும் காட்டலாம். வளையத்தின் அளவைக் கொண்டு ஒரு சாரத்தை மற்றொன்றுக்கு மேல் வைப்பது தவறு. கிருமியை அடக்கும் குறைந்தபட்ச அளவைத் திரவத்தில் தனியே கண்டறிந்தாலொழிய ஒப்பீடு நிலைபெறாது. வெறும் கரைப்பானை ஊற்றிய குழியை விட்டுவிட்ட ஆராய்ச்சியில், கொன்றது பழமா சாராயமா என்பதே தெரியாது. நெல்லி, எலுமிச்சை போன்ற புளிப்புக் கனிகளில் அமிலத்தை நடுநிலைப்படுத்தாமல் சோதித்தால், கிருமி மடிந்தது வெறும் புளிப்பினாலேயே இருக்கலாம். அந்தப் புளிப்போ கிருமி செய்யும் அதே தீங்கை, அதாவது எனாமலைக் கரைப்பதை, தானே செய்துவிடும். எலுமிச்சம் பழத்தை மூடியாக நறுக்கிப் பல்லில் தேய்த்தால் வெண்மை வரும் என்று நம்பித் தேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வெண்மைக்கு விலையாகப் போவது எனாமல். அதைத் திரும்ப உண்டாக்க உடலுக்குச் சக்தி இல்லை.

தட்டைக் கடந்து வாய்க்குள் நுழைந்தால் நிலைமை மேலும் சிக்கலாகிறது. கடுக்காயைக் கடித்தவுடன் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடிப்பது போன்ற துவர்ப்பு தோன்றுகிறதல்லவா? உமிழ்நீரின் வழுவழுப்புக்குக் காரணமான புரதங்களை டானின் பற்றிப் படியச் செய்வதால் எழும் உணர்ச்சி அது. நாம் துவர்ப்பை உணரும் அந்தக் கணத்திலேயே டானினின் ஒரு பகுதி கிருமியைச் சென்றடையாமல் உமிழ்நீரில் செலவழிந்துவிடுகிறது. எஞ்சியது அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ வாயில் இருந்துவிட்டுத் துப்பப்படுகிறது. தட்டிலோ அதற்கு ஒரு முழுநாள் அவகாசம் கிடைத்திருந்தது. பல் மருத்துவர்கள் அளவுகோலாக வைத்திருக்கும் குளோர்ஹெக்சிடினின் தனிச்சிறப்பு அதன் கொல்லும் வன்மை மட்டுமன்று. பல்லிலும் வாய்ச்சவ்விலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெல்ல மெல்ல வெளிப்படும் அதன் நிலைப்புத் தன்மையே அதற்கு அப்பதவியைத் தந்தது. ஆனால் நீடித்துப் பயன்படுத்தினால் அது பல்லில் பழுப்புக் கறையை ஏற்றிச் சுவையுணர்வையும் மாற்றுகிறது. ஆகவேதான் அதற்கு மாற்று தேடும் முயற்சி ஓயவில்லை.

மனிதர் வாயிலேயே செய்த சோதனைகளும் உண்டு. கடுக்காயின் நீர்ச்சாரம் மியூட்டன்ஸின் வளர்ச்சியைத் தடுத்ததோடு, சர்க்கரையின் துணையால் அது ஒட்டிக்கொள்வதையும் குளூக்கானால் ஒன்றோடொன்று திரள்வதையும் தடுத்தது என்றும், பத்துச் சதவீதக் கரைசலால் கொப்பளித்தபின் உமிழ்நீரில் கிருமிகள் குறைந்தன என்றும் 1999 இல் ஓர் இந்திய ஆராய்ச்சி தெரிவித்தது. 2011 இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், எட்டு முதல் பன்னிரண்டு வயதுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிச் சிறுவர்களைப் பிரித்து, ஒரு சாராருக்குத் திரிபலை நீரும், ஒரு சாராருக்குக் குளோர்ஹெக்சிடினும், ஒரு சாராருக்கு வெறும் வாலை வடிநீரும் கொடுத்துக் கொப்பளிக்கச் செய்தார்கள். பற்படலத்தையும் ஈறு வீக்கத்தையும் குறைப்பதில் திரிபலை குளோர்ஹெக்சிடினுக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. ஏழை நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று. ஆனால் ஈறு வீக்கம் குறைவது வேறு, ஆண்டுகள் சென்றபின் சொத்தை குறைவது வேறு. முன்னதைக் கண்டு பின்னதை அனுமானிப்பது அவசர புத்தி.

இவ்விடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொல்லும் சக்தியை மட்டும் தேடி அலையும் ஆராய்ச்சியைக் காட்டிலும், ஒட்டுவதைத் தடுக்கும் சக்தியைத் தேடும் ஆராய்ச்சியே நம் காய்கனிகளிடமிருந்து மிகுந்த பயன் பெறும். மனித வாயில் எழுநூறுக்கு மேற்பட்ட பாக்டீரிய இனங்கள் இனங்காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில நமக்கு உபகாரிகள். கீரையிலும் கிழங்கிலும் உள்ள நைட்ரேட்டை நாவின்மேல் வாழும் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றித் தருவதால் இரத்தக் குழாய்கள் தளர உதவி கிடைக்கிறது; ஆரோக்கியமான சிலருக்கு ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் கொடுத்தபோது இரத்த அழுத்தம் சிறிது ஏறியதை லண்டன் விஞ்ஞானிகள் 2013 இல் கண்டனர். எல்லாரையும் அழிப்பது சிகிச்சையாகாது. கிருமியை உயிரோடு விட்டுவிட்டு, அது பிசின் செய்யும் நொதியத்தை மட்டும் முடக்கினால், அது பல்லில் பிடிப்பின்றி உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போய்விடும். புரதங்களைப் பற்றும் இயல்புள்ள டானின், நொதியங்களாகிய புரதங்களை முடக்குவதில் கொல்வதற்கு வேண்டிய அளவினும் குறைந்த அளவிலேயே பலிதமாகக் கூடும். கடுக்காய் ஆராய்ச்சியில் ஒட்டும் தன்மை குறைந்ததை நான் முக்கியமாகக் கருதுவது இதனாலேயே.

கிருமியைத் தொடாமலே பல்லுக்கு உதவும் பழமும் ஒன்றுண்டு. பெங்களூர் கோரமங்கலாவில் 1978 இல் கிரண் மஜும்தார் ஒரு வாடகை வீட்டுக் கார் கொட்டகையில் தொடங்கிய பயோகான் நிறுவனம், முதலில் செய்த பொருள்களில் ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பெயின் என்னும் நொதியம். பீர் கலங்காமல் தெளிவாக இருக்க அது வாங்கப்பட்டது. அதே பப்பெயினைச் சேர்த்துச் செய்த பசையை, பிரேசில் நாட்டார் 2003 இல் சொத்தைப் பல்லில் இட்டனர். அழுகிச் சிதைந்த பகுதியின் புரதத்தை அது மேலும் மென்மையாக்கிவிட, நல்ல பகுதியைத் துளைக்காமல் கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுத்துவிடலாம். துளைப்பானின் இரைச்சலுக்கு அஞ்சி அலறும் குழந்தைகளுக்கு இது பெரிய ஆறுதல். இந்தியாவிலும் அத்தகைய பப்பாளிப் பசைகள் பின்னர் வந்தன.

சதையோடு பழம் தின்பதையே பல்லுக்கு மருந்தென்று யாரும் கொள்ளலாகாது. மாம்பழச் சாற்றைப் பிழிந்து நாள்முழுதும் சிறிது சிறிதாகப் பருகுபவர், மியூட்டன்ஸுக்கு விருந்து வைப்பவரேயாவர். பழத்தை உணவோடு சேர்த்து உண்டு வாய் கொப்பளிப்பது உத்தமம். ஃப்ளோரைடு சேர்ந்த பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்குவதன் பலனுக்கு நிகரான ஆதாரம் எந்தப் பழச்சாரத்துக்கும் இன்றுவரை இல்லை. திரிபலைக் கொப்பளிப்பு அதனோடு சேர்ந்து நிற்கலாமேயன்றி அதன் இடத்தில் நிற்கலாகாது.

இனி நம் கல்லூரிகள் செய்ய வேண்டிய காரியம், இன்னுமொரு பழத்தின் வளையத்தை அளப்பதன்று. ஒரே கடுக்காய் மரம் ஒரு பருவத்தில் தரும் டானின் அளவு மற்றொரு பருவத்தில் இராது; பிஞ்சில் பறித்ததும் முற்றிப் பறித்ததும் வேறு வேறு; காட்டுக்குக் காடு மாறும்; கடைகளில் கலப்படமும் உண்டு. ஒரு மாணவர் இவ்வாண்டு ஒரு கடையில் வாங்கிய பொடியால் பெற்ற முடிவை, வேறொரு மாணவர் அடுத்த ஆண்டு வேறொரு கடைப் பொடியால் சரிபார்க்க இயலாமல் போவதற்கு இதுவே காரணம். தாவரத்தை இனங்காண்பதில் நம்பத்தக்க துணை இந்நகரத்திலேயே இருக்கிறது. 1993 இல் தொடங்கி யெலஹங்காவில் இயங்கிவரும் நாட்டு மருத்துவ மரபுகளின் மறுமலர்ச்சி நிறுவனம் மூலிகைத் தாவரங்களின் உலர் மாதிரிகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. அங்கே இனம் உறுதி செய்யப்பட்ட காய், குரோமட்டோகிராஃப் கருவியில் அளவிடப்பட்ட டானின், பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் அளவுக்கு ஒரே தொகுதியாக எடுத்த சாரம் ஆகிய மூன்றும் கைக்கு வந்தபின், தன்னார்வலர் வாயில் சிறு எனாமல் துண்டுகளைப் பொருத்தி, சில வாரங்கள் சாரத்தால் கொப்பளிக்கச் செய்து, அத்துண்டுகள் தாதுவை இழந்தனவா மீட்டனவா என்று அளந்து பார்க்கலாம்; அந்த அளவு சாதகமாக வந்தால், பள்ளிச் சிறுவர்களிடையே இரண்டு மூன்று ஆண்டுகள் நடத்தும் நெடுஞ்சோதனைக்குப் பணம் கேட்க அப்பொழுதே உரிமை பிறக்கும்.